64 பிட் பிராசஸர், 32 பிட் யுஇஎஃப்ஐ: மினி பிசியில் டெபியன் ஏற்றியது

குலசேகரத்தில் மாமா ரப்பர் ஷீட் வாங்கும் கடை வைத்திருக்கிறார். அங்கே ஒரு மினி பிசி சும்மா கிடந்தது. இன்டெல் ஆட்டம் இசட்3735எஃப், 2 ஜிபி ராம், 32 ஜிபி இஎம்எம்சி (போர்டிலேயே பதித்த சேமிப்பகம்). விண்டோஸ் அப்டேட்டுக்கே இடம் போதாது. சரி, லினக்ஸ் போடலாம் என்று உட்கார்ந்தேன்.

பூட் மெனுவில் லினக்ஸ் இமேஜ் எழுதிய பென்டிரைவ் தலைகாட்டவே இல்லை. போர்ட் மாற்றி, செக்யூர் பூட்டை (நம்பகமான சிஸ்டத்தை மட்டும் பூட் செய்யவிடும் பாதுகாப்பு) அணைத்துப் பார்த்தும் மசியவில்லை. விண்டோஸின் அபவுட் பக்கத்தில்தான் பிடி கிடைத்தது: 32 பிட் விண்டோஸ், 64 பிட் பிராசஸர். பயோஸ் மோடும் யுஇஎஃப்ஐ (கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடி சிஸ்டத்தை எழுப்பும் மென்பொருள்) என்றிருந்தால் அந்த யுஇஎஃப்ஐ 32 பிட்தான். அது பென்டிரைவில் பூட்ஐஏ32.இஎஃப்ஐ என்ற கோப்பைத் தேடும். பல லினக்ஸ் இமேஜ்களில் இருப்பது பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ மட்டும்.

டெபியன் என்ற லினக்ஸ் வகையின் 12-ஆம் பதிப்பில், 64 பிட் நெட்இன்ஸ்ட் இமேஜில் (மீதியை நெட்டிலிருந்து இறக்கும் சின்ன இன்ஸ்டாலர்) இரண்டுமே உண்டு. உடனே பூட் ஆனது. லினக்ஸை எழுப்பும் பூட்லோடரான கிரப்பின் 32 பிட் வடிவத்தை இன்ஸ்டாலரே போட்டுக்கொள்கிறது, சிஸ்டத்தின் மையமான கர்னல் 64 பிட்டாகவே ஓடுகிறது. எனக்கு இது பெரிய நிம்மதி.

நெட்டுக்கு போனை யுஎஸ்பி டெதரிங்கில் மாட்டினேன். பார்ட்டிஷன் பிரிக்கும்போது கவனம் வேண்டும்: எஸ்டிஏ என்று தெரிவது பென்டிரைவ், இஎம்எம்சி எம்எம்சிபிஎல்கே என்ற பெயரில் வரும். ராம் நிரம்பினால் பயன்படும் ஸ்வாப் பார்ட்டிஷன் வைக்கவில்லை, அடிக்கடி எழுதினால் இஎம்எம்சி தேயும். பதிலுக்கு ராமிலேயே தரவைச் சுருக்கி வைக்கும் இசட்ராம் போட்டேன். 2 ஜிபியில் க்னோம் என்ற கனமான டெஸ்க்டாப் வேண்டவே வேண்டாம், இலகுவான எல்எக்ஸ்கியூடி போதும்.

இப்போது ஷீட் எடையும் அன்றைய விலையும் லிப்ரே ஆபிஸில் ஏறுகின்றன.