கறுப்பு டையிலிருந்து மறுபடி பொன்னிறத்துக்கு

ப்ளீச் செய்து பொன்னிறமாக வைத்திருந்த முடிக்கு, அக்கா கல்யாணத்துக்காக வீட்டிலேயே கறுப்பு டை அடித்துவிட்டேன். 3 வாரத்தில் பழைய நிறத்துக்கு மனம் ஏங்கியது. மேலேயே பொன்னிற டை பூசினேன். புதிதாக வளர்ந்த வேர் மட்டும் லேசாக வெளுத்தது, மற்றதெல்லாம் அதே கறுப்பு. ஒரு டை இன்னொரு டையை வெளுக்காது என்று அப்போதுதான் புரிந்தது.

அப்புறம் கலர் ரிமூவர் வாங்கினேன். முடிக்குள் பெரிதாகித் தங்கிவிட்ட சாய மூலக்கூறுகளை அது மறுபடி சிறிதாக்கும். வெளியேற்ற வேண்டியது தண்ணீர்தான். முதல் தடவை 5 நிமிடம் அலசினேன், மறுநாளே முடி திரும்பக் கறுத்தது. அடுத்த தடவை 20 நிமிடம், கை வலிக்க வலிக்க அலசினேன். ரிமூவரின் முட்டை நாற்றம் 2 நாள் போகவில்லை, பரவாயில்லை.

கிடைத்தது ஆரஞ்சு. 2 வாரம் விட்டு, ஒரு கற்றையில் சோதித்த பிறகு, 6% டெவலப்பரோடு (ப்ளீச்சில் கலக்கும் பெராக்சைடு) ப்ளீச் வைத்தேன். வெளிர்மஞ்சள் வந்ததும், அந்த மஞ்சள் சாயலை அடக்க ஊதா டோனர் பூசினேன். (ஆரஞ்சிலேயே நின்றுவிட்டால் நீல டோனர்தான் பிடிக்கும்.) நுனியில் 2 அங்குலம் வெட்ட வேண்டியிருந்தது.

உலோக உப்பு கலந்த மருதாணி டை போட்டவர்கள் மட்டும் தயவுசெய்து ப்ளீச்சைத் தொடாதீர்கள், முடி சூடேறிப் பொசுங்கிவிடும்.