சீஸ் வெஜிடபிள் ரைஸ் பேக்: நீர் விடாமல், வறண்டு போகாமல் எடுக்க

மேலே சீஸ் பொன்னிறமாக இருக்கிறது. கரண்டியை விட்டால் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. அப்படி ஆனால் தவறு அவனில் (oven) நடக்கவில்லை, காய்கறி வதக்கும்போதே நடந்துவிட்டது. மூலைகளில் சாதம் விறைத்துப் பல்லில் கடிபடுகிறதென்றால் சாஸ் போதவில்லை. இந்த உணவில் ஈரத்தின் கணக்குதான் எல்லாம்.

கீழே உள்ள அளவு 4 பேருக்கு. 20 செ.மீ. சதுரமான, 2 லிட்டர் கொள்ளும் கண்ணாடி பேக்கிங் பாத்திரம் சரியாக இருக்கும்.

பாஸ்மதி 1 கப் (200 கிராம்), காலிஃபிளவர் 150 கிராம், கேரட் 100 கிராம், குடைமிளகாய் 100 கிராம், பீன்ஸ் 75 கிராம், ஸ்வீட் கார்ன் 75 கிராம், பெரிய வெங்காயம் 1, பூண்டு 4 பல், பச்சை மிளகாய் 2. சாஸுக்கு வெண்ணெய் 30 கிராம், மைதா 25 கிராம் (தலை தட்டி 3 மேசைக்கரண்டி), பால் 500 மி.லி., பிராசஸ்டு சீஸ் 50 கிராம். மேலே தூவ மொசரெல்லா 100 கிராம். வதக்க எண்ணெய், உப்பு, மிளகுத்தூள், ஒரு சிட்டிகை ஜாதிக்காய்த் தூள்.

அரிசியை 20 நிமிடம் ஊறவைத்து, நிறைய உப்புத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அதில் போட்டு வடிப்பதுதான் நல்லது. குக்கர் வேண்டாம். 5 நிமிடத்திலிருந்தே ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பாருங்கள். நடுவில் லேசாக ஒரு கெட்டிப் புள்ளி தெரியும்போதே வடித்துவிட வேண்டும். மீதி வேக்காட்டை அவனில் சாஸின் ஈரத்தை உறிஞ்சி அதுவே முடித்துக்கொள்ளும். முழுதாக வெந்த சாதம் பேக் ஆகி வரும்போது குழைந்துவிடும். வடித்ததை அகலமான தட்டில் பரப்பி ஆவி போக விடுங்கள். சீரகச் சம்பாவும் பொன்னி பச்சரிசியும் நன்றாக வரும்.

மீந்த சாதம் 3 கப் இருந்தாலும் போதும், ஆனால் வடித்த ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போனதாக இருக்க வேண்டும். இரவு முழுக்க வெளியே இருந்த சாதத்தை இதற்கு எடுக்கவே கூடாது. பேசிலஸ் செரியஸ் பாக்டீரியாவின் வித்துகள் சாதம் வேகும்போதும் சாவதில்லை. வெளிச் சூட்டில் அவை பெருகி உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது.

இனி காய்கறி. அவன் 180 டிகிரியில் இருந்தாலும் சாஸுக்குள் புதைந்திருக்கும் கேரட்டுக்கு 100 டிகிரிக்கு மேல் சூடு கிடைக்காது. 25 நிமிடத்தில் பச்சைக் கேரட் வெந்துவிடும் என்று நம்பிப் போட்டால் கடுக்கென்று இருக்கும். அதனால் பட்டாணி அளவுக்கு நறுக்கிய கேரட், பீன்ஸ், சின்னப் பூக்களாகப் பிரித்த காலிஃபிளவர், கார்ன் எல்லாவற்றையும் கொதிக்கும் உப்பு நீரில் 3 நிமிடம் போட்டு எடுத்து, துணியில் பரப்பி ஈரம் ஒற்ற வேண்டும். காலிஃபிளவரைத் தலைகீழாக வையுங்கள், பூவுக்குள் தண்ணீர் ஒளிந்துகொள்ளும்.

வெங்காயம், பூண்டு, மிளகாய், குடைமிளகாயை அகலமான கடாயில் பெரிய தீயில் வதக்குங்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள். முதலிலேயே போட்டால் நீர் விட்டு, வதங்காமல் வேகத் தொடங்கிவிடும். பிறகு வடித்த காய்களையும் சேர்த்து 2 நிமிடம் புரட்டி, கடாயின் அடி காய்ந்திருப்பதைப் பார்த்து இறக்குங்கள். காளான் சேர்ப்பதானால் தனியே வதக்கி, அது விடும் நீர் முழுக்க வற்றிய பிறகே சேர்க்க வேண்டும். கீரையைக் கொதிநீரில் முக்கி எடுத்துக் கையால் இறுகப் பிழியுங்கள். தக்காளி உள்ளே வேண்டாம்.

சாஸுக்கு வெண்ணெயைச் சிறு தீயில் உருக்கி மைதாவைப் போட்டு 2 நிமிடம் கிளறுங்கள். பச்சை வாசனை போய் நுரைத்து வரும், நிறம் மாறக் கூடாது. பாலை முதலில் அரை கப் மட்டும் ஊற்றி, விஸ்க்கால் வழுவழுப்பாகும் வரை அடித்துவிட்டு மீதியை ஊற்றுங்கள். மொத்தமாகக் கொட்டுவதால்தான் கட்டி விழுகிறது. விழுந்தாலும் வடிகட்டினால் சரியாகிவிடும். கொதி வந்ததும் 4 நிமிடம் கிளறினால் போதும். பதம் தோசை மாவை விடச் சற்று இளகலாக இருக்கட்டும். சாதம் உறிஞ்சப் போகிறது என்பதால் இங்கேயே கெட்டியாக்கினால் பேக் வறண்டுவிடும்.

அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் கழித்துத் துருவிய பிராசஸ்டு சீஸைக் கலக்குங்கள். கொதிக்கும் சாஸில் போட்ட சீஸின் புரதம் இறுகி, மணல் மணலாகத் திரிந்து எண்ணெய் பிரியும். பிராசஸ்டு சீஸில் கொழுப்பைப் பிரியாமல் பிடித்துவைக்கும் உப்புகள் இருப்பதால் அந்த ஆபத்து குறைவு. சாஸுக்கு அதைச் சொல்வது அதனால்தான். மொசரெல்லா இழுபடும் சீஸ், சாஸில் உருண்டு திரண்டுவிடும், அதன் இடம் மேல்பரப்பு. மிளகுத்தூள் முக்கால் டீஸ்பூன், ஜாதிக்காய் சேர்த்து, ருசி பார்த்த பிறகே உப்புப் போடுங்கள்.

அவனை 180 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் முன்கூட்டியே சூடேற்றுங்கள். வெண்ணெய் தடவிய பாத்திரத்தின் அடியில் அரை கப் சாஸைப் பரப்புங்கள். இன்னொரு அரை கப்பைத் தனியே வைத்துவிட்டு, மீதி சாஸுடன் சாதத்தையும் காய்கறியையும் பருக்கை உடையாமல் கலந்து, அழுத்தாமல் நிரப்புங்கள். விளிம்புக்கு ஒன்றரை செ.மீ. இடம் விடுங்கள். தனியே வைத்த சாஸை மேலே, முக்கியமாக ஓரங்களிலும் மூலைகளிலும் பரவ ஊற்றுங்கள். சாஸ் படாமல் துருத்தி நிற்கும் பருக்கைதான் விறைக்கும். அதன்மேல் மொசரெல்லாவைத் தூவுங்கள். கட்டியாக வாங்கித் துருவியது ஒரே சீராக உருகும். துருவி வரும் பாக்கெட்டில் ஒட்டாமலிருக்க மாவு சேர்ப்பதால் அவ்வளவு நன்றாக இழுபடாது.

நடுத் தட்டில், மேல் கீழ் இரண்டு கம்பியும் எரிய 20 முதல் 25 நிமிடம். ஓரங்களில் குமிழ் விட்டுக் கொதிக்க வேண்டும், அதுதான் அடையாளம். கடைசி 3 நிமிடம் மேல் கம்பியை மட்டும் 220 டிகிரியில் வைத்து, கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே நில்லுங்கள். பழுப்புப் புள்ளிக்கும் கருகலுக்கும் ஒரு நிமிட இடைவெளிதான். கன்வெக்ஷன் மைக்ரோவேவில் விசிறி மேல்பக்கத்தைச் சீக்கிரம் சிவக்க வைக்கும், 170 டிகிரி போதும். வெறும் மைக்ரோவேவ் மோடில் சீஸ் உருகும், சிவக்காது.

எடுத்து 10 நிமிடம் தொடாமல் வையுங்கள். சூட்டோடு வெட்டினால் சாஸ் ஓடும், ஆறும்போது இறுகித் துண்டாக வரும்.

முந்தைய நாளே நிரப்பி ஃப்ரிட்ஜில் வைப்பதானால் சாஸில் 100 மி.லி. பால் கூடுதலாகச் சேருங்கள். குளிர்ந்த கண்ணாடிப் பாத்திரத்தை நேராகச் சூடான அவனில் வைத்தால் விரிசல் விடக்கூடும். அரை மணி நேரம் வெளியே வைத்து, முதல் 15 நிமிடம் ஃபாயிலால் மூடி, பிறகு திறந்து வழக்கம்போல் பேக் செய்யுங்கள். மீந்ததை ஃப்ரிட்ஜில் வைத்து 2 நாளுக்குள், மேலே 2 மேசைக்கரண்டி பால் தெளித்து மூடி, நடுப்பகுதி வரை ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிடலாம்.