பிரைட்னஸ் கீ வேலை செய்யவில்லையா? கிரப்பில் கை வைக்கும் முன் இதைப் பாருங்கள்

பழைய லேப்டாப் ஒன்றில் லினக்ஸ் மிண்ட் போட்டேன். வைஃபை வந்தது, சத்தம் வந்தது, டச்பேட்கூடத் தகராறு செய்யவில்லை. திரை வெளிச்சம் மட்டும் உச்சத்தில் நின்றுகொண்டு இறங்கவே மாட்டேன் என்றது. ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் முகத்துக்கு நேரே டார்ச் அடித்த மாதிரி இருக்கும். இணையத்தில் தேடி, யார் யாரோ எழுதிய கெர்னல் பாராமீட்டர்களை (லினக்ஸின் மையமான கெர்னல் எழும்போது அதற்குக் கொடுக்கும் சொற்கள்) ஒவ்வொன்றாக கிரப்பில் (கெர்னலை எழுப்பிவிடும் நிரல்) ஒட்டிப் பார்த்ததில் மூன்று நாள் போயிற்று. கடைசியில் பார்த்தால், இன்ஸ்டால் செய்த அன்று நானே போட்டுவிட்டு மறந்துபோன ஒரு சொல்தான் காரணம். அதற்குக் கீழே வருகிறேன்.

கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

பிரைட்னஸ் கீ வேலை செய்யவில்லை என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வது உண்மையில் இரண்டு வேறு கோளாறுகள். கீயை அழுத்திய செய்தி சிஸ்டத்துக்கே போய்ச் சேராமல் இருக்கலாம். இல்லையென்றால் செய்தி சரியாகப் போய்ச் சேர்ந்தும், பேக்லைட்டை, அதாவது திரைக்குப் பின்னால் எரியும் விளக்கை, கூட்டிக் குறைக்க சிஸ்டத்துக்கு வழி தெரியாமல் இருக்கலாம். இது எது என்று தெரியாமல் மருந்து தேடினால் என்னைப் போல மூன்று நாள் போகும். கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும்: செட்டிங்ஸில் போய் பிரைட்னஸ் ஸ்லைடரை மவுஸால் இழுங்கள். வெளிச்சம் மாறுகிறதா? அப்படியானால் பேக்லைட் நன்றாக இருக்கிறது, கீயில்தான் சிக்கல், நடுவில் உள்ளதை விட்டுவிட்டு கீ பற்றிய பகுதிக்குப் போய்விடுங்கள். ஸ்லைடர் நகர்கிறது, திரை அசையவில்லை என்றால் சிஸ்டம் தவறான இடத்தில் போய்க் கட்டளை கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஸ்லைடரையே காணோம் என்றால் பேக்லைட் என்று ஒன்று இருப்பதே கெர்னலுக்குத் தெரியவில்லை.

என் கதை மூன்றாவது வகை. அதற்கு முதலில் அடிக்க வேண்டியது இது:

கேட் /ப்ராக்/சிஎம்டிலைன்

கெர்னல் எந்தெந்த பாராமீட்டர்களோடு எழுந்தது என்று ஒரே வரியில் காட்டும். அதில் 'நோமோட்செட்' என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். இன்ஸ்டால் செய்யும்போது திரை கறுப்பாகவே நின்றால் எல்லோரும் போடச் சொல்வது இதைத்தான், மிண்டின் கம்பாட்டிபிலிட்டி மோடிலும் இது உண்டு. இது இருந்தால் கிராபிக்ஸ் டிரைவர் முறையாக ஏறாது, டிரைவர் ஏறாவிட்டால் பேக்லைட்டைக் கட்டுப்படுத்த ஆளே இல்லை. நான் அன்றைக்கு அவசரத்துக்குப் போட்டது, பிறகு கிரப் ஃபைலிலும் நிரந்தரமாக எழுதிவைத்தது, இதுதான். அங்கிருந்து எடுத்து, கீழே சொல்லும் 'சுடோ அப்டேட்-கிரப்' கொடுத்து ரீஸ்டார்ட் செய்ததும் ஸ்லைடரும் வந்தது, கீயும் வேலை செய்தது. இன்ஸ்டால் முடிந்து அப்டேட் எல்லாம் ஏறிய பிறகு பெரும்பாலான மெஷின்களுக்கு அது தேவைப்படாது.

அந்தச் சொல் இல்லை என்றால் அடுத்தது:

எல்எஸ் /சிஸ்/கிளாஸ்/பேக்லைட்

இன்டெல் கிராபிக்ஸ் என்றால் இங்கே 'இன்டெல்_பேக்லைட்' என்று இருக்கும். ஏஎம்டி என்றால் 'ஏஎம்டிஜிபியு_பிஎல்0' அல்லது கடைசியில் 1. 'ஏசிபிஐ_வீடியோ0' என்று இருந்தால் அது பயாஸ் (மெஷினிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரல்) வழியாகப் போகும் பழைய பாதை. ஒவ்வொன்றும் ஒரு ஃபோல்டர், உள்ளே 'பிரைட்னஸ்', 'மேக்ஸ்_பிரைட்னஸ்' என்று சின்னச் சின்ன ஃபைல்கள். மேக்ஸ் எவ்வளவு என்பது மெஷினுக்கு மெஷின் மாறும், சிலதில் 15, சிலதில் 255, சிலதில் ஆயிரக்கணக்கில். முதலில் அதைப் படித்துவிட்டு, அதில் பாதி அளவு எண் ஒன்றை நேரடியாக எழுதிப் பாருங்கள். உதாரணமாக மேக்ஸ் 600 என்றால்:

எக்கோ 300 | சுடோ டீ /சிஸ்/கிளாஸ்/பேக்லைட்/இன்டெல்_பேக்லைட்/பிரைட்னஸ்

'சுடோ எக்கோ' என்று போட்டு அம்புக்குறியால் ஃபைலுக்குள் தள்ளப் பார்க்காதீர்கள். பெர்மிஷன் டினைட் என்றுதான் வரும், ஏனென்றால் எக்கோவுக்கு மட்டும்தான் ரூட் (நிர்வாகி) உரிமை கிடைக்கிறது, ஃபைலைத் திறப்பது டெர்மினலில் கட்டளை வாங்கும் உங்கள் சாதாரண ஷெல். டீ என்றால் ரூட் உரிமையோடு ஃபைலைத் தானே திறக்கும், அதற்காகத்தான் அது. இன்னொன்று, 0 என்று எழுதிவிடாதீர்கள், சில லேப்டாப்பில் திரை சுத்தமாக இருண்டுவிடும், அப்புறம் இருட்டில் டைப் அடிக்க வேண்டியதுதான்.

இப்படி எழுதியதும் வெளிச்சம் குறைந்ததா? குறைந்தால் கெர்னல் வரை எல்லாம் சரி, பிரச்சினை டெஸ்க்டாப் (மெனு, ஸ்லைடர், ஷார்ட்கட் எல்லாவற்றையும் நடத்தும் நிரல்) பக்கம். குறையவில்லை என்றால், அல்லது ஃபோல்டரே காலி என்றால், இப்போதுதான் கெர்னல் பாராமீட்டர் பக்கம் போக வேண்டும். அப்போதும் ஃபைலைத் திருத்தாதீர்கள். மெஷினை ரீஸ்டார்ட் செய்து கிரப் மெனு வந்ததும் ஆங்கில 'இ' எழுத்தை ('டி'க்கு அடுத்தது) அழுத்துங்கள் (மெனு வராவிட்டால் பழைய பயாஸில் ஷிஃப்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பயாஸுக்குப் பதில் யுஇஎஃப்ஐ உள்ள புதிய மெஷினில் எஸ்கேப்பைத் தட்ட வேண்டும்). 'லினக்ஸ்' என்று தொடங்கும் நீளமான வரியின் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு

ஏசிபிஐ_பேக்லைட்=நேட்டிவ்

என்று சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். இது இந்த ஒரு தடவைக்கு மட்டும், சரிப்படாவிட்டால் அடுத்த ரீஸ்டார்ட்டில் தானாகவே காணாமல் போய்விடும். நேட்டிவ் என்றால் கிராபிக்ஸ் டிரைவரே பேக்லைட்டைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று பொருள். அது பலிக்கவில்லை என்றால் அதே இடத்தில் 'வீடியோ', அதுவும் இல்லையென்றால் 'வெண்டார்'. என்விடியாவும் இன்டெல்லும் சேர்ந்திருக்கும் சில லேப்டாப்களில் 'என்விடியா_டபிள்யூஎம்ஐ_ஈசி' என்ற மதிப்புதான் கைகொடுக்கும். எது வேலை செய்கிறதோ அதை மட்டும் /இடிசி/டிஃபால்ட்/கிரப் ஃபைலில், 'கொயட் ஸ்ப்ளாஷ்' என்று இருக்கும் மேற்கோள் குறிகளுக்குள் எழுதிவிட்டு 'சுடோ அப்டேட்-கிரப்' கொடுங்கள். ஃபெடோராவில் இந்தக் கட்டளை கிடையாது, கிரபி என்ற கருவி வழியாகச் செய்ய வேண்டும்.

பழைய கட்டுரைகளில் 'ஏசிபிஐ_ஓஎஸ்ஐ' என்று தொடங்கும் விதவிதமான மந்திரங்களைப் பார்ப்பீர்கள். விண்டோஸ் 8 காலத்து பயாஸ்கள், எந்த விண்டோஸ் ஓடுகிறது என்று கேட்டு அதற்கேற்ப நடந்துகொள்ளும், லினக்ஸ் அதற்குப் பொய் பதில் சொல்வதற்கான தந்திரம் அது. பேக்லைட்டைத் தவிர வேறு விஷயங்களையும் அது கலைத்துவிடும் என்பதால் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள். தவிர, கெர்னல் 6.1-இல் பேக்லைட் பகுதியையே திருத்தி எழுதினார்கள். முன்பு ஒரே திரைக்கு இரண்டு மூன்று பேக்லைட் ஃபோல்டர் வந்து, டெஸ்க்டாப் தப்பான ஒன்றைப் பிடித்துத் தொங்கும், இப்போது ஒரு திரைக்கு ஒன்றை மட்டும் கெர்னலே தேர்ந்தெடுக்கிறது. ஆகவே 'யுநேம் -ஆர்' அடித்துப் பார்த்து உங்கள் கெர்னல் அதைவிடப் பழையது என்றால், புதிய கெர்னல் போடுவதே பாதி வைத்தியம்.

சரி, இப்போது கீ. முதலில் எஃப்என் லாக்கைப் பாருங்கள், சிரிக்காதீர்கள், நிறையப் பேருக்கு இங்கேயே முடிந்துவிடும். பல லேப்டாப்களில் எஃப்என்னும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் மேல்வரிசை கீகள் எஃப்1, எஃப்2-ஆகவும் பிரைட்னஸ், வால்யூமாகவும் மாறி மாறி வரும். சிலவற்றில் பயாஸுக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும்.

அதில் குறை இல்லையென்றால் கீ என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும்:

சுடோ லிப்இன்புட் டீபக்-ஈவென்ட்ஸ்

கட்டளை இல்லை என்று வந்தால், டெபியன், உபுண்டு குடும்பத்தில் 'லிப்இன்புட்-டூல்ஸ்' என்ற பேக்கேஜைப் போடுங்கள். ஓடவிட்டு பிரைட்னஸ் கீயை அழுத்தினால் 'கீ_பிரைட்னஸ்டவுன்' 224, 'கீ_பிரைட்னஸ்அப்' 225 என்று வரி விழ வேண்டும். இதே வேலைக்கு ஈவிடெஸ்ட் என்ற கருவியும் உண்டு, ஆனால் அதில் ஒரு சாதனத்தை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். பிரைட்னஸ் கீ பல மெஷின்களில் கீபோர்ட் வழியாக வராமல் 'வீடியோ பஸ்' என்ற பெயரிலோ கம்பெனிக்கே உரிய ஹாட்கீ சாதனம் வழியாகவோ வரும். கீபோர்டை மட்டும் பார்த்துவிட்டு கீ செத்துவிட்டது என்று முடிவுகட்டியவர்கள் உண்டு.

வரி எதுவும் விழவில்லை என்றால் 'சுடோ டிமெசேஜ்' போட்டு ('டி' எழுத்தும் 'எம்இஎஸ்ஜி'யும்) கடைசி வரிகளைப் பாருங்கள். 'அன்நோன் கீ பிரெஸ்ட்' என்று ஒரு கோட் எண்ணோடு வந்திருந்தால் நல்ல சேதிதான்: கீ உயிரோடு இருக்கிறது, அதற்குப் பெயர் வைக்கத்தான் ஆளில்லை. நாமே வைத்துவிடலாம். /இடிசி/யுடெவ்/எச்டபிள்யூடிபி.டி என்ற ஃபோல்டரில், பெயர் '.எச்டபிள்யூடிபி' என்று முடியும்படி ஒரு ஃபைல் உருவாக்கி இரண்டு வரி எழுதுங்கள்:

ஈவிடெவ்:ஏடிகேபிடி:டிஎம்ஐ:*
 கீபோர்ட்_கீ_ஏபி=பிரைட்னஸ்டவுன்

'ஏபி' இருக்கும் இடத்தில் உங்களுக்கு வந்த கோட், முன்னால் உள்ள '0எக்ஸ்' இல்லாமல். 'கீபோர்ட்_கீ_' என்பது மட்டும் பெரிய எழுத்து, மற்றதெல்லாம் சின்ன எழுத்து. இரண்டாவது வரியின் தொடக்கத்தில் ஒரு இடைவெளி கட்டாயம், அதை விட்டால் சத்தமில்லாமல் வேலை செய்யாது. பிறகு 'சுடோ சிஸ்டம்டி-எச்டபிள்யூடிபி அப்டேட்' கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

வரி ஒழுங்காக விழுகிறது, ஸ்லைடரும் வேலை செய்கிறது, ஆனாலும் கீ மாற்றவில்லை என்றால் டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட் இல்லை. ஐ3, ஸ்வே போன்ற எளிய டெஸ்க்டாப்களில் இது இயல்புதான், அவை தானாக எதையும் செய்யாது. பிரைட்னஸ்சிடிஎல் என்ற சின்ன நிரலை நிறுவி, 'எக்ஸ்எஃப்86மான்பிரைட்னஸ்அப்' கீக்கு 'பிரைட்னஸ்சிடிஎல் செட் 5%+', டவுனுக்கு '5%-' என்று கான்ஃபிக் ஃபைலில் கட்டிவிடுங்கள். எக்ஸ்பேக்லைட் என்ற கருவியைப் பரிந்துரைக்கும் பழைய குறிப்புகளை விட்டுத்தள்ளுங்கள், இன்றைய டிரைவர்களில் பெரும்பாலும் பேக்லைட் ப்ராப்பர்ட்டி இல்லை என்று கைவிரித்துவிடும்.

திரை அமைப்பை மாற்றும் எக்ஸ்ரேண்டர் கட்டளையில் பிரைட்னஸைக் குறைத்துவிட்டு, சரியாகிவிட்டது என்று நிம்மதி அடையவும் வேண்டாம். அது நிறங்களைத்தான் மங்கலாக்குகிறது, பின்னால் விளக்கு முழு வேகத்தில் எரிந்துகொண்டேதான் இருக்கும், பேட்டரி ஒரு துளியும் மிச்சமாகாது.

எல்லாம் சரியாகி, ஒவ்வொரு தடவை ரீஸ்டார்ட் செய்யும்போதும் வெளிச்சம் எங்கோ போய் நின்றால், அது சிஸ்டம்டி-பேக்லைட் சர்வீஸின் வேலை. அணையும்போது இருந்த அளவை /வார்/லிப்/சிஸ்டம்டி/பேக்லைட்டில் சேமித்துவைத்து எழும்போது திரும்ப எழுதும். கேபிள் போட்டு மாட்டிய வெளி மானிட்டருக்கு இதில் எதுவும் பொருந்தாது, அதற்கு டிடிசியுடில் என்ற தனிக் கருவி இருக்கிறது.