பனித்தளத்தில் கால் வைக்கும் முன்பே நடக்கும் தவறுகள்

சிங்கப்பூரில் வெளியே 31 டிகிரி வெயிலில் இருந்துவிட்டு, உள்ளரங்குப் பனித்தளத்தில் சறுக்கக் கிளம்பும்போது நம் மக்களுக்குக் குளிரைப் பற்றித்தான் கவலை. பிள்ளைக்கு இரண்டு ஸ்வெட்டர் மாட்டிவிடுவார்கள். ஆனால் நான் பார்த்தவரை, புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் அடியில் கத்தி பொருத்திய சறுக்குக் காலணியால்தான்.

என் அக்கா மகள் முதல்முறை வந்த அன்று, தளத்தில் இறங்கிய ஐந்தே நிமிடத்தில் "மாமா, கால் வலிக்குது" என்றாள். குனிந்து பார்த்தேன். இரண்டு கணுக்காலும் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தன. தடிமனான காலுறை இரண்டு சோடி, அது நுழைவதற்காக ஓர் அளவு பெரிய காலணி, நாடாவும் தொளதொள. வெளியே கூட்டிவந்து ஒரு காலுறையைக் கழற்றினேன். சரியான அளவில் வேறு காலணி வாங்கி, விரல் பக்கம் கொஞ்சம் தளர்வாகவும், பாதம் மேலே வளையும் இடத்தில் நன்றாக இறுக்கியும், மேல் கொக்கிகளில் முட்டி மடங்கும் அளவுக்கு இடம் விட்டும் கட்டினேன். எழுந்து நின்றால் காலணிக்குள் குதிகால் மேலே தூக்கக்கூடாது. அவ்வளவுதான், பிள்ளை நிமிர்ந்து நின்றாள். மெல்லிய, நீளமான காலுறை ஒன்றே போதும். காசை மிச்சம் பிடித்துக் கையுறை வாங்குங்கள், அது உண்மையிலேயே வேண்டும்.

அடுத்து, நடப்பதுபோல நுனிக்காலால் உந்துவது. ஃபிகர் ஸ்கேட் எனப்படும் நடனச் சறுக்குக் காலணியின் கத்தி முனையில் ரம்பப் பல் இருக்கும். அது பனியில் குத்தினால் முகம் குப்புறத்தான். பக்கவாட்டில் தள்ளுங்கள், முட்டியை மடக்குங்கள். பயத்தில் பின்னால் சாயாதீர்கள். விழப்போவது தெரிந்தால் பக்கமாக விழுங்கள். மணிக்கட்டை நீட்டி ஊன்றுவதுதான் ஆபத்து. விழுந்ததும் விரல்களை மடக்கிக்கொண்டு சீக்கிரம் எழுங்கள். பின்னால் வருகிறவரின் கத்தி அருகிலேயே இருக்கும்.

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் கனக்கும், காயாது.

தெம்பனிஸ், பிடோக் போன்ற இடங்களில் நீச்சல்குளம், பூப்பந்துத் திடல், உடற்பயிற்சிக்கூடம் எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைப்பதால், காலையில் அங்கே கால் தசைகளுக்குப் பயிற்சி செய்துவிட்டு மதியம் பனித்தளத்துக்குப் போகிறவர்கள் உண்டு. களைத்த தொடையோடு சறுக்கினால் முட்டி மடங்காது. வியர்த்த சட்டையோடு உள்ளே போனால் குளிர் இரண்டு மடங்காகத் தாக்கும். வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய தகவலை நம்பிப் போவதும் வீண் அலைச்சல். ஜூரோங் ஈஸ்ட் ஜேகியூப் கடைத்தொகுதியில் 2012இல் திறந்த தளம், 60 மீட்டருக்கு 30 மீட்டர், சிங்கப்பூரின் முதல் ஒலிம்பிக் அளவுத் தளம். அந்தக் கடைத்தொகுதியே 2023 ஆகஸ்டில் மூடப்பட்டது. எங்கு போனாலும் அன்று பொதுமக்கள் சறுக்கும் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இடையில் எல்லாரையும் வெளியேற்றிவிட்டு வண்டி ஒன்று பனியைச் சீவி, மேலே மெல்லிசாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே போகும். அது கதவைத் தாண்டியதும் முதல் ஆளாக இறங்கப் பிள்ளைகள் துடிப்பார்கள். கையைப் பிடித்து நிறுத்துங்கள். அந்த ஈரப் பளபளப்பு மங்கி, தளம் உறைந்ததும் ஊழியரே கூப்பிடுவார்.