நியூட்ரான் விண்மீன் மோதலும் அண்ட விரிவும்: எங்கே கோட்டை விடுகிறோம்?

பாளையங்கோட்டைப் பக்கம் வானியல் பேச்சு என்று பிள்ளைகள் கூடினால், கருந்துளைக்கு அடுத்தபடியாக வரும் கேள்வி இதுதான்: "சார், ரெண்டு நியூட்ரான் விண்மீன் மோதுனா அண்டம் எவ்வளவு வேகமா விரியுதுன்னு தெரிஞ்சிருமாமே?" நியூட்ரான் விண்மீன் என்பது பெரிய விண்மீன் வெடித்த பிறகு மிஞ்சும், மிக அடர்ந்த எச்சம். அவை மோதினால் தெரியும். ஆனால் அதை விளக்கப் போகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில்தான் தவறுகிறார்கள்.

ஈர்ப்பலை, அதாவது அந்த மோதல் வெளியில் எழுப்பும் அதிர்வு, ஒன்றே போதும் என்று நினைப்பது முதல் தவறு. விண்மீன்கள் சுற்றிச் சுற்றி நெருங்கும்போது அலையின் அதிர்வெண் ஏறுகிற விதத்தை வைத்து, அது எவ்வளவு வலுவோடு கிளம்பியிருக்கும் என்று கணக்கிடலாம். இங்கே வந்து சேர்ந்த வலுவைக் கருவி சொல்லும். இரண்டையும் ஒப்பிட்டால் தூரம் கிடைக்கும். 1986-ல் இயற்பியலாளர் பெர்னார்ட் ஷுட்ஸ் சொன்ன வழி இது. ஆனால் கிடைப்பது தூரம் மட்டுமே. அண்டம் விரியும் வீதத்துக்கு விலகும் வேகமும் வேண்டும், அதற்கு மோதல் நடந்த விண்மீன் மண்டலத்தின் ஒளி வேண்டும். 2017 ஆகஸ்ட் 17 அன்று லைகோ, விர்கோ என்ற ஈர்ப்பலைக் கருவிகள் பிடித்த மோதலுக்கு 1.7 நொடி கழித்துக் காமா கதிர் வந்தது, சுமார் 11 மணி நேரத்தில் சிலியிலிருந்த தொலைநோக்கி என்ஜிசி 4993 மண்டலத்தில் புதிய ஒளிப்புள்ளியைக் கண்டது. அப்புறம்தான் வேகத்தைத் தூரத்தால் வகுத்து விரிவு வீதத்தைக் கணக்குப் போட முடிந்தது.

பலரும் சொல்லாமல் விடுவது கோணம். என்னைக் கேட்டால் விஷயமே அதில்தான் இருக்கிறது. கோயில் கொடையில் குழாய் ஸ்பீக்கர் கட்டி வில்லுப்பாட்டு ஓடும்போது, குழாய் நம் தெருவைப் பார்த்திருந்தால் பக்கத்திலேயே பாடுவதுபோலக் கேட்கும், குளத்தங்கரைப் பக்கம் திருப்பிவிட்டால் அடுத்த ஊரில் நடப்பதுபோல இருக்கும். மோதும் விண்மீன்களும் அப்படித்தான், சுற்றுப்பாதையின் அச்சுத் திசையில் அலை வலுவாகவும் பக்கவாட்டில் மெலிந்தும் போகிறது. பக்கவாட்டில் திரும்பிய கிட்டத்து மோதலும், நமக்கு நேராகத் திரும்பிய தொலைதூரத்து மோதலும் கருவியில் ஒரே அளவு வலுவோடு பதியலாம். தூரத்தில் ஏறத்தாழ 15 விழுக்காடு நிச்சயமின்மை வந்தது பெரும்பாலும் இதனால்தான். அதனால்தான் விரிவு வீதத்துக்குக் கிடைத்த விடை வெறும் 70 அல்ல, மேலே 12, கீழே 8 என்ற இடைவெளியோடு சேர்ந்த 70. மோதலிலிருந்து பீறிட்ட தாரை நகர்வதை ரேடியோ தொலைநோக்கிகளால் பார்த்துக் கோணத்தை இறுக்கிய பிறகு, 2019-ல் அந்த இடைவெளி இருபுறமும் சுமார் 5 ஆகக் குறைந்தது.

அந்த 70-ஐயும் "நொடிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் அண்டம் விரிகிறது" என்று எழுதிவிடுகிறார்கள். ஒவ்வொரு மெகாபார்செக் தூரத்துக்கும், அதாவது 32.6 லட்சம் ஒளியாண்டுக்கும், நொடிக்கு 70 கிலோமீட்டர் கூடுகிறது என்பதே சரி.

வேகத்திலும் ஒரு சிக்கல் உண்டு. என்ஜிசி 4993 இருக்கும் விண்மீன் மண்டலக் கூட்டம் நொடிக்கு 3,327 கிலோமீட்டர் வேகத்தில் விலகுகிறது. அதில் சுமார் 310 கிலோமீட்டர் அண்ட விரிவால் வந்ததல்ல, சுற்றியுள்ள பொருள்திரளின் ஈர்ப்பால் அது தானாக நகரும் வேகம். அதைக் கழித்த 3,017-ஐ 43.8 மெகாபார்செக்கால் வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 69 வரும். கழிக்காமல் வகுத்தால் 76. கால்குலேட்டரில் ஒரு நிமிட வேலை, பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள்.

கடைசியாக, "சண்டை தீர்ந்தது" என்ற தலைப்பு வேண்டவே வேண்டாம். விரிவு வீதத்தை வேறு வேறு வழிகளில் அளந்தால் விடைகள் ஒத்துப்போகவில்லை என்பதுதான் அந்தச் சண்டை. அண்டத்தின் ஆதி ஒளியை அளந்த பிளாங்க் விண்கலம் 67.4 என்கிறது, துடித்துத் துடித்து ஒளிரும் செபீடு விண்மீன்களையும் வெடிக்கும் சூப்பர்நோவாக்களையும் வைத்துத் தூரம் அளந்தவர்கள் 73 என்கிறார்கள். 70 நடுவில் நிற்கிறதுதான், ஆனால் அதன் இடைவெளிக்குள் இரண்டுமே அடங்கிவிடுகின்றன. ஒளியோடு சேர்ந்து பிடிபடும் மோதல்கள் இன்னும் பல வேண்டும். 2019 ஏப்ரல் 25-ல் இன்னொன்று வந்தது. ஆனால் லைகோவின் இரண்டு கருவிகளில் ஒன்றான ஹான்ஃபோர்ட் கருவி அந்த நேரத்தில் இயங்காததால், தேட வேண்டிய பரப்பு முழு வானத்தில் ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது, எந்த மண்டலம் என்றே தெரியாமல் போயிற்று. 2023-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த, மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் அமையவிருக்கும் லைகோ-இந்தியா சேரும்போது அந்தப் பரப்பு வெகுவாகச் சுருங்கும், தொலைநோக்கிகள் ஒளி மங்குவதற்குள் அங்கே திரும்பிவிடலாம்.