ஹட்ஷெப்சுட்டின் விரிசல்களை மூடாதீர்கள்: குயர் சைபர்பெண்ணியக் கலைக்கு ஒரு தொடக்கப் பயிற்சி

பழங்காலப் பெண் உருவத்தைக் கணினியில் மறுபடி படைக்கச் சொன்னால், பலர் முகத்தை வழவழப்பாக்கி, இடையைச் சிறுத்து, மேலே நியான் கோடு போட்டுவிடுகிறார்கள். 1991இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் வி.என்.எஸ். மேட்ரிக்ஸ் குழுவின் நான்கு பெண்கள் சைபர்பெண்ணிய அறிக்கை, அதாவது கணினி உலகைப் பெண்ணியப் பார்வையில் கைப்பற்றும் அறிக்கை, எழுதியது இதற்காக அல்ல. ஈரானியக் குர்துக் கலைஞர் மோரேஷின் அல்லாஹ்யாரி, காய்ச்சலைக் கொண்டுவரும் ஹுமா என்ற ஜின்னை முப்பரிமாணத்தில் உருவாக்கியபோது அவளை அழகுபடுத்தவில்லை. அவளுடைய ஆற்றலை அவளிடமே விட்டுவைத்தார்.

முதலில் உருவத்தைத் தேர்ந்தெடுங்கள். நான் பரிந்துரைப்பது ஹட்ஷெப்சுட். கி.மு. 15ஆம் நூற்றாண்டில் எகிப்தைப் பாரோவாக ஆண்டவர். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அவர் அமர்ந்திருக்கும் சுண்ணாம்புக்கல் சிலையைப் பாருங்கள். தலைத்துணியும் இடுப்பாடையும் ஆண் அரசருக்கு உரியவை, உடல் பெண்ணுடையது, எழுத்துகளோ அவரைச் சூரியக் கடவுளான ‘ராவின் மகள்’ என்கின்றன. அவர் தன்னை எப்படி உணர்ந்தார் என்று நாம் தீர்ப்பு சொல்ல வேண்டாம். ஆண்-பெண் என்ற வழக்கமான எல்லைக்குள் அடங்காத குயர் படைப்புக்கு, கல்லிலேயே இருக்கும் இந்தக் கலவை போதும்.

அடுத்து, படம். 2017 முதல் அந்த அருங்காட்சியகம் பதிப்புரிமைக் கட்டுப்பாடு இல்லாத (‘பப்ளிக் டொமைன்’) படங்களை யாரும் பயன்படுத்தத் தந்திருக்கிறது. சிலையின் இணையப் பக்கத்தில் அந்த ‘பப்ளிக் டொமைன்’ குறி இருக்கிறதா என்று பார்த்து, பெரிய அளவில் இறக்குங்கள். இலவச ஓவிய மென்பொருளான கிரிட்டாவில் திறந்து, பின்னணியை லேயர் மாஸ்க்கால், அதாவது படத்தை அழிக்காமல் மறைக்கும் திரையால், மறையுங்கள். அழிப்பான் வேண்டாம், பிறகு திரும்பக் கிடைக்காது.

இனிதான் முக்கியமான வேலை. அவருக்குப் பின் ஆண்ட மூன்றாம் துட்மோஸ் காலத்தில் ஹட்ஷெப்சுட்டின் சிலைகளை உடைத்து, அவருடைய கோயில் இருந்த டெய்ர் எல்-பஹரி அருகே குழியில் கொட்டினார்கள். 1920களில் அங்கே தோண்டியெடுத்த துண்டுகளைக் கொண்டு பலவற்றை ஒட்டிச் சேர்த்தார்கள். 200 சதவீதம் பெரிதாக்கினால் இணைப்புகள் தெரியும்: கல்லின் நிறம் சட்டென்று மாறும், விளிம்பு சற்றே விலகும். அந்தக் கோடுகளை ஒட்டி ‘செலக்ஷன்’ எடுத்து, தனி மாஸ்க்காகச் சேமியுங்கள்.

அப்புறம் படத்தின் நகல் ஒன்றை பிஎம்பி வடிவில் சேமித்து, ஒலித்தொகுப்பு மென்பொருளான ஆடாசிட்டியில் ‘ரா டேட்டா’வாக (வடிவம் பார்க்காத வெறும் தரவாக), யூ-லா என்ற ஒலிக் குறியாக்கத்தில் திறவுங்கள். ஆம், படத்தை ஒலியாக! கோப்பின் தொடக்கப் பகுதியைத் தொடாதீர்கள், தொட்டால் படம் திறக்காது. நடுவில் ஒரு துண்டுக்கு மட்டும் எக்கோ கொடுத்து, தலைப்புத் தரவு இல்லாத (ஹெட்டர்லெஸ்) ரா கோப்பாக, அதே யூ-லாவில் ஏற்றுமதி செய்து, பெயரின் பின்னொட்டை பிஎம்பி என்று மாற்றுங்கள்.

சிதறிய அந்தப் படத்தைச் சிலைக்கு மேல் லேயராக வைத்து, விரிசல் மாஸ்க்கை அதற்குப் போடுங்கள். சிதைவு விரிசல் வழியாக மட்டும் தெரியும். வெளியிடும்போது சிலையின் பெயர், அருங்காட்சியகம், நீங்கள் மாற்றியவை மூன்றையும் கீழே எழுதிவிடுங்கள்.