சொந்தமாகப் போடுவதா, பதிப்பகத்திடம் கொடுப்பதா?

முதலில் கணக்குப் போடுங்கள். 160 பக்க நாவல், 300 பிரதி, பிரதிக்கு 8 ரிங்கிட் என்று அச்சகம் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: 2,400. மெய்ப்பு (பிழை திருத்தம்), பக்க வடிவமைப்பு, அட்டைக்கு 1,200. மொத்தம் 3,600. விலை 25 ரிங்கிட் என்றால், கடைக்கு 40 விழுக்காடு கழிவு போக உங்களுக்கு 15 வரும். 240 பிரதி விற்றால்தான் போட்ட முதல் திரும்பும். பதிப்பகம் விலையில் 10 விழுக்காட்டை ராயல்டியாக, அதாவது ஆசிரியர் பங்காகத் தந்தால், 300 பிரதியும் தீர்ந்தாலும் 750 ரிங்கிட்தான். ஆனால் உங்கள் பணம் முடங்காது.

கோலாலம்பூரில் தமிழ் நூல் அதிகம் விற்பது வெளியீட்டு விழாவில். அங்கே கழிவு கிடையாது. 144 பிரதியில் முதல் வந்துவிடும், மண்டபச் செலவு தனி. ஆகவே காசு கொடுத்து வாங்குவார்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்களின் பெயர்களைத் தாளில் எழுதுங்கள். நூறுகூடத் தேறாவிட்டால் பதிப்பகத்தைத் தேடுங்கள், அல்லது டிஜிட்டல் அச்சில் 100 பிரதியோடு நிறுத்துங்கள்.

"பணம் கட்டுங்கள், போடுகிறோம்" என்பது பதிப்பகப் பெயரில் நடக்கும் சொந்தப் பதிப்புதான். அதில் உரிமையை எழுதிக் கொடுக்காதீர்கள். மலேசியாவில் காப்புரிமை உங்கள் ஆயுளுக்குப் பிறகும் 50 ஆண்டு நிற்கும் சொத்து. சென்னைப் பதிப்பகமானாலும் சரி, பிரதி தீர்ந்து மறுபதிப்பு வராவிட்டால் உரிமை எப்போது திரும்பும், மின்னூல் உரிமை யாருக்கு, ராயல்டிக் கணக்கு எந்த மாதம் வரும், இங்கே அனுப்பும் செலவு யாருடையது என்பவை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

சொந்தமாகப் போடுவதென்றால் ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண்ணைத் தேசிய நூலகத்தில் உங்கள் பெயரிலேயே வாங்குங்கள், கட்டணம் இல்லை. பின்னட்டையில் அந்த எண்ணின் பட்டைக்குறி (பார்கோடு) வர வேண்டும் என்பதால் அட்டை வேலைக்கு முன்பே விண்ணப்பியுங்கள். அச்சிட்டவர், பதிப்பித்தவர் பெயரும் முகவரியும் நூலில் இருப்பது 1984ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி கட்டாயம். 1986ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி தேசிய நூலகத்துக்கு 5 பிரதி போகும். அதையும் கணக்கில் சேருங்கள்.

அதிகம் கெடுவது எழுத்துரு. பழைய எழுத்துருவில் அடித்த பிரதியை முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் 'கொ'வின் கொம்பு இடம் மாறி, எழுத்துக்குப் பின்னால் தனியே நிற்கும். 'கௌ' என்பதைச் சிலர் 'கெ', 'ள' என்று இரண்டாகத் தட்டியிருப்பார்கள். தாளில் வித்தியாசம் தெரியாது. மின்னூலில் தேடினால் அந்தச் சொல் அகப்படாது.

பொதுவாக ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் 16 பக்கம் ஒரு ஃபாரம். 160 பக்கத்துக்குப் பத்து ஃபாரம். 163 ஆனால் பதினொன்று. 80 ஜிஎஸ்எம் (தாளின் எடை அளவு) தாளில் 160 பக்க நூலின் முதுகு ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் வரும். கடைசி மெய்ப்பு முடிந்து பக்க எண்ணிக்கை உறுதியான பிறகே அட்டையை அச்சுக்கு அனுப்புங்கள். இல்லையென்றால் முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு முன்னட்டைப் பக்கம் வழிந்துவிடும்.